மாதப்பன் தோட்டத்துத் தண்டவாளம்

வாழவந்தியில் மாதப்பன் என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். கல்லு மாமா என்றால் பஸ் டிரைவர் வரைக்கும் தெரியும். எந்த வண்டி எங்கே நின்றாலும், சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைத் தேடி வைத்த பிறகுதான் அவர் அந்த இடத்தை விட்டு நகருவார். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மற்றவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். அவர் குனிந்து கல் பொறுக்குவார்.

"மாமா, வெச்சாச்சுங்களா? நான் டீ குடிக்கப் போலாமுங்களா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள்.

"முன்னுக்கும் வெச்சுட்டேன், பின்னுக்கும் வெச்சுட்டேன். நீ போ சாமி" என்பார். சிரிக்க மாட்டார்.

அவர் கேலிக்குக் கோபித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் செத்த நாளிலிருந்து வந்தது.

அப்போது நாங்கள் மூன்று பேரும் மூங்கில்மடுவு எஸ்டேட்டில் வேலை செய்தோம். நான் காப்பிப் பழம் பறிக்கிறவள். மாதப்பண்ணனும் என் வீட்டுக்காரரும் டிராலி தள்ளுகிறவர்கள். மேல்காட்டிலிருந்து கீழே பழம் அரைக்கிற கொட்டாய் வரைக்கும் சரிவில் இரண்டடி அகலத்துக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் நாலு சக்கர டிராலி. மேலே டிராலியை நிறுத்தி மூட்டை ஏற்றும்போது இரண்டு காவல் உண்டு. பிரேக் கம்பியை இழுத்து மாட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது மாதப்பண்ணன் வேலை. பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒருத்தர் வேலையை மற்றவர் தொட்டதில்லை.

ஒரு மார்கழியில், பகல் பதினோரு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. தூறலும் இருந்தது. லைனில் விழுந்து கிடந்த கிளையை இழுத்துப் போட என் வீட்டுக்காரர் முன்னால் இறங்கிப் போனார். மாதப்பண்ணன் மேலே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த மூட்டைக்குத் திரும்பியவர் மறுபடி பார்க்கும்போது டிராலி இல்லை. பனிக்குள்ளே சத்தம் மட்டும் போனது. இரண்டாம் வளைவில், என் வீட்டுக்காரர்மேல் மோதி, டிராலி நின்றது.

மோதியதில் பிரேக் கம்பி முறிந்திருந்தது. டிராலி நின்ற இடத்தில் முட்டுக்கட்டையைத் தேடினார்கள். இல்லை. சக்கரத்துக்குக் கீழே இல்லை, பக்கத்திலும் இல்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் கேட்டபோது மாதப்பண்ணன், "வெச்சனுங்க" என்றார். மறுநாள் கேட்டபோது, "வெச்சிருப்பனுங்க" என்றார். ஒரு வாரம் கழித்து, "தெரியலீங்க" என்றார். தினமும் வைக்கிற கை. வைத்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஞாபகம் அன்றைக்கு உரியதா முந்தின நாளுக்கு உரியதா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஊர் முடிவு கட்டிவிட்டது: மாதப்பன் கட்டை வைக்க மறந்தான், ஐயாக்கண்ணு போய்விட்டான். நானும் அப்படியே முடிவு கட்டிக்கொண்டேன். என் மகன் அப்போது கைக்குழந்தை.

நான் அவரோடு சண்டை போடவில்லை. அதைத்தான் பெருமையாக நினைத்திருந்தேன். லைனைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மாதப்பண்ணன் ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்குப் போனார். பிற்பாடு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே வீடு கட்டிக் குடி வந்தார். என் கூரையை மாற்றியது அவர், என் மகனைக் காய்ச்சலில் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர். ஒவ்வொரு மார்கழியிலும் நான் அவரிடம் சொல்வேன்: "மறந்துட்டீங்க, போவுது விடுங்கண்ணா. நான் மனசுல வெச்சுக்கலை." அவர் தலையாட்டுவார். முப்பத்தாறு மார்கழி இப்படிச் சொன்னேன். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

அவர் சம்சாரம் பாவாயி இறந்த வருஷம், அவருக்கு எழுபத்திரண்டு வயது, தோட்டத்தில் தண்டவாளம் போட ஆரம்பித்தார். நாலு விரல் அகலத் தண்டவாளம். ஜன்னலுக்குப் போடுகிற சதுரக் கம்பியை வாங்கிவந்து, சில்வர் ஓக் துண்டுகளை அடியில் வரிசையாகப் புதைத்து, அதன்மேல் ஆணியடித்தார். ஒண்டிக்கடைப் பட்டறையில் சூசைமாணிக்கம் சக்கரங்களைக் கடைந்து கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணி துவைக்கிற கல் வரைக்கும் சரிவு. கொத்தனார் மாதிரி டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, ஒரு விரற்கடை சரியில்லை என்றால் மூன்று நாள் வேலையைப் பிடுங்கிப் போடுவார்.

பக்கத்தில், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு அறை விடுகிற புஷ்பலதாவுக்கு ஒரே சந்தோஷம்.

"ஏனுங் மாமா, இஞ்சின் இல்லாம என்னங் ரயிலு? ஒரு இஞ்சின் வெச்சு லைட்டு போடுங்க. வர்றவங்க போட்டோ புடிப்பாங்க."

"இது இஞ்சின் ஓடற லைன் இல்லீங் கண்ணு."

"பின்ன எதுக்குங் இத்தனை பாடு? பொம்மை வண்டிக்கா?"

"ஆமா, பொம்மைதான்."

நானும் பொம்மை என்றுதான் நினைத்தேன். மனைவி போன மனிதர், கை சும்மா இருக்காது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பனி இறங்கியிருந்தது. பனிக்குள்ளே இருந்து சத்தம் வந்தது. கடகட, கடகட, ஒரு இடைவெளி, கட. கையில் இருந்த குண்டானைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று தெரியாது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். எஸ்டேட் லைனில் முதல் வளைவு தாண்டின பிறகு ஒரு நீளக் கம்பி உண்டு. அங்கே இணைப்பு இல்லாததால் சத்தம் ஒரு மூச்சு நேரம் நிற்கும். பதினோரு வருஷம் மேல்காட்டில் நின்று அதைக் கேட்டவள் நான்.

வேலியைத் தாண்டிப் போனேன். அவர் இரண்டாம் வளைவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி அளவு டிராலி, அதில் மண் நிரப்பிய துணிமூட்டைகள். மேலே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிரேக் கம்பி.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பாக்கறேன் தங்கச்சி."

"என்னத்தைப் பாக்கறீங்க?"

"கட்டை வெச்சா ஓடுமா, வெக்காட்டித்தான் ஓடுமான்னு. சரிவு அதேதான். வளைவும் அதேதான். நான் போய் பழைய லைன் போன தடத்தை அளந்துட்டு வந்துதான் போட்டிருக்கேன்." சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "வெச்சனா இல்லையான்னு தெரிஞ்சுட்டுச் செத்தாப் போதும்" என்றார்.

"அதான் நான் விட்டுட்டனே."

"நீ விட்டுட்ட. எனக்குத் தெரியலையே."

அப்போதும் என் பிடிவாதம் போகவில்லை. மறந்த மனிதர் மறந்ததை ஒத்துக்கொள்ளாமல் சுற்றுகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து தினமும் போய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வண்டி இரண்டாம் வளைவுக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கும். மண்ணை நிறைத்தாலும் தயங்கும், குறைத்தாலும் தயங்கும். அவர் கம்பியைத் தேய்த்துப் பார்த்தார், எண்ணெய் போட்டுப் பார்த்தார். பிறகு அந்த இடத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் இரண்டு பேரும் கால் வைக்காமல் சுற்றிப் போகப் பழகிவிட்டோம்.

வெயிலில் ஓட்டியது கணக்கில்லை என்று மார்கழிக்காகக் காத்திருந்தார். தூறல் விழுந்த முதல் பகலில் என்னைக் கூப்பிட்டார். முதலில் பிரேக்கும் போட்டு, கட்டையும் வைத்தார். வண்டி அசையவில்லை. கையால் உலுக்கியும் போகவில்லை. அடுத்து, பிரேக் மட்டும், கட்டை இல்லை. கொஞ்ச நேரம் நின்றது. ஈரத்தில் மெல்ல வழுக்கி, பிறகு ஓடியது.

"பாத்தியா" என்றார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. "கட்டை இல்லாட்டி ஓடுது."

மூன்றாவது தடவை, கட்டை மட்டும் வைத்தார். பிரேக்கைத் தளர்த்திவிட்டார். சக்கரம் கட்டையின்மேல் ஏறப் பார்த்து, ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே வழுக்கி இறங்கியது. இரண்டாம் வளைவில் கட்டையைப் பக்கவாட்டில் எறிந்தது. அது போய்க் கீரைப்பாத்தியில் விழுந்தது.

நான் எழுந்து போய் அதை எடுத்தேன். கட்டையின் குறுக்கே சக்கரம் கடித்த பள்ளம். பள்ளத்தில் கருப்பு. கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன்.

"இது கணக்குக்கு வராது. அன்னிக்குக் கட்டையே கெடைக்கலையே" என்று அவர் பின்னாலிருந்து சொன்னார்.

நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் கழிந்து நான் மறுபடி வேலைக்குப் போன வாரம், சுள்ளி பொறுக்கிக்கொண்டே இரண்டாம் வளைவுக்குக் கீழே உன்னிப் புதருக்குள் இறங்கினேன். அங்கே ஒரு கட்டை கிடந்தது. பலாக்கட்டை, மஞ்சள் நிறம். குறுக்கே ஒரு பள்ளம், அதில் கருப்பு. சுள்ளியோடு சேர்த்துக் கட்டி எடுத்து வந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய வேண்டியிருந்தது. எரித்துவிட்டேன். அது எந்தக் கட்டை என்று அன்றைக்கு என் புத்தியில் படவே இல்லை. டிராலி நின்ற இடத்தில், லைன் ஓரத்தில்தானே எல்லாரும் தேடினார்கள்; கீழே புதருக்குள் யாரும் இறங்கவில்லை.

ஆக, மாதப்பண்ணன் கட்டை வைத்திருக்கிறார்.

அது தெரிந்த உடனே இன்னொன்றும் தெரிந்துவிட்டது. கட்டையும் பிரேக்கும் சேர்ந்து இருந்தால் வண்டி அசையாது என்று அவர் கட்டின லைன் என் கண் முன்னால் காட்டிவிட்டது. கட்டை இருந்தும் ஓடியது என்றால் பிரேக் போடவில்லை. பிரேக் என் வீட்டுக்காரர் வேலை. அவர் ஒரு குற்றமும் இல்லாமல் செத்தார் என்று சொல்லித்தான் என் மகனை வளர்த்தேன்.

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலிப் பக்கம் போகவில்லை. மத்தியானம் பனி இறங்கினால் சத்தம் வரும். காதில் துணியைச் சுற்றிக்கொண்டால் உள்ளேயிருந்து வரும். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவரே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அத்தாயி, பொங்கலுக்கு மகன் வர்றானா?"

"வர்றான். எதுக்குங்?"

"தெரிஞ்சு போச்சு தங்கச்சி. நான்தான் வெக்கலை. அவன் வரட்டும், அவன் கால்ல உழுந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும்."

அவர் தூக்கி வளர்த்த பையன். அவன் காலில் இவர் விழுவதா? வேலியின் தட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். முள் கையைக் கிழித்தது.

"நீங்க வெச்சீங்க" என்றேன்.

"என்ன?"

"கட்டையை வெச்சீங்க. வளைவுக்குக் கீழே புதர்ல கெடந்துச்சு. நான்தான் எடுத்து எரிச்சேன். அப்போ எனக்குத் தெரியலை."

அவர் தலையை ஆட்டினார். "நொம்ப நல்லவ நீ. என் மனசு ஆறட்டும்னு சொல்ற."

"பொய் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா? பலாக்கட்டை. ஒரு முனையில தகரம் சுத்தியிருந்துச்சு. நாலு ஆணி. தகரத்தை அருவா முனையில நெம்பித்தான் எடுத்தேன், பெருவிரல் கிழிஞ்சு போச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்தார். "பொளந்துச்சுன்னு அதுக்கு மொத நா சாயங்காலந்தான் தகரம் அடிச்சேன்" என்றார். "யாரும் பாக்கலை. ஐயாக்கண்ணுகூடப் பாக்கலை."

அழவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, "அப்ப பிரேக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"வேணாம் தங்கச்சி."

"நான் சொல்றேன். அவரு இழுக்கலை."

"அது பழைய பிரேக்கு. இழுத்திருந்தாலும் புடிச்சிருக்காது."

"நீங்க கட்டின லைன் அப்படிச் சொல்லலையே."

என் மகன் பொங்கலுக்கு வந்தபோது நானே அவனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனான். திரும்பி வந்து மாதப்பண்ணன் வீட்டுக்குப் போய், இருட்டும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊருக்குப் போனான்.

பொங்கல் கழிந்ததும் மாதப்பண்ணன் கடப்பாரையோடு தோட்டத்துக்கு வந்தார். "எனக்கு வேலை முடிஞ்சுது. பிடுங்கிட்டுக் கத்திரிக்காய் போடலாம்" என்றார்.

"பிடுங்காதீங்க" என்றேன்.

இப்போது மத்தியானம் தோறும் நான்தான் போகிறேன். அவர் மண்மூட்டையை ஏற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். நான் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து பிரேக் கம்பியை இழுப்பேன். சுண்டுவிரல் பட்டாலே மாட்டிக்கொள்கிறது. எத்தனை தடவை இழுத்தாலும் மாட்டிக்கொள்கிறது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு எதை நினைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டு இறங்கினார்? வீட்டில் நான் ஏதாவது சொல்லி அனுப்பினேனா? நினைத்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன் போலவும் இருக்கிறது. அது அன்றைக்கா, முந்தின நாளா, தெரியவில்லை.

"போதுமா தங்கச்சி? பனி இறங்குது" என்று மாதப்பண்ணன் கேட்கிறார்.

"இன்னொரு தரம் விடுங்கண்ணா" என்கிறேன்.