எடிட் செய்யாத கலியாணம்

மறுபடியும் அதே வரிதான் வந்தது: இணைப்பு கிடைக்கவில்லை. பாலேந்திரா மடிக்கணினியைத் தூக்கி அடுத்த மேசையில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, மேசையிலை ஒரு பிழையுமில்லை," என்றான் றமணன். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் அது அவனுடைய கணக்காளர் அலுவலகம். "இஞ்சை வெப் பாக்கிற போர்ட் மட்டும்தான் திறந்திருக்கு. மற்றதெல்லாம் பூட்டு. நீங்கள் பூட்டின கதவிலை நிண்டு தட்டுறியள்."

"திறக்கச் சொல்லன்."

"நெற்வேர்க்காரனிட்டைக் கேட்டால் அடுத்த கிழமைதான் பதில் வரும். உங்களுக்காகத் திறந்து, என்ரை ஆக்களின்ரை கணக்கெல்லாம் ஊர்வலம் போகட்டோ?"

கிங்ஸ்பரியில் பாலேந்திராவின் தெருவைக் கிண்டியவர்கள் காலையிலேயே அவர் வீட்டு இன்டர்நெட்டை அறுத்துவிட்டார்கள். முந்தின நாள் வீடியோ எடுத்த கலியாணம் அவர் கையில் இருந்தது. அதை சேர்வரில் ஏற்றினால், யாழ்ப்பாணத்தில் இருக்கிற விதுசன் இறக்கி, வெட்டி, நிறம் திருத்தி, நாதஸ்வரம் சேர்த்துத் திருப்பி அனுப்புவான். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து முதல் கமராவை வாங்கிய காலத்தில், எடுத்ததை அப்படியே ஒரு வீட்டில் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளையின் தாய் முகம் சுளித்த இடம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அதற்குப் பிறகு எடிட் செய்யாத எதையும் அவர் யாருக்கும் காட்டியதில்லை.

இது மணப்பெண்ணின் தகப்பனுக்காகத் திகதியை முன்னுக்கு இழுத்து வைத்த கலியாணம். தகப்பன் விஜயரத்தினம் ஹரோவில், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கிற ஒரு ஹொஸ்பிஸில் கிடந்தார். இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தார்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லாததால் நேரலை அறுந்துபோனது. போனில் எடுத்தவர்களின் படங்களில் எல்லாம், தாலி கட்டும் நேரத்தில் தெரிந்தது பாலேந்திராவின் முதுகு.

காலையில் மணப்பெண் மேனுஷா போன் பண்ணியிருந்தாள்.

"அங்கிள், எடிட் வேண்டாம். கமராவிலை இருக்கிறதை அப்படியே கொண்டுவந்து அப்பாக்குக் காட்டுவீங்களா?"

"அது சரிவராது பிள்ளை. அப்பா பாக்கிறது நல்லதா இருக்கவேணுமெல்லே. பின்னேரம் கொண்டுவாறன்."

"அப்பா நல்லதோ கூடாதோ எண்டெல்லாம் பாக்கமாட்டார் அங்கிள்."

"நான் கொண்டுவாறன் எண்டு சொல்லுறனெல்லே."

ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஹொஸ்பிஸ் அப்படியொன்றும் தூரமில்லை. அவர் போகவில்லை. விதுசனுக்குப் போன் எடுத்தார்.

"எங்கடை சேர்வரிலை வெப் ஒண்டும் ஓடுறேல்லை அண்ணை," என்றான் அவன். "அந்தப் போர்ட் சும்மாதான் கிடக்கு. நாங்கள் ஏத்திற வழியை அதுக்கு மாத்திவிடுறன். அங்கத்தை நெற்வேர்க் வெப் எண்டு நினைச்சு விட்டிடும். லைனிலை நில்லுங்கோ."

மாற்றி, பிழைத்து, திரும்ப மாற்றி, மத்தியானம் தாண்டி கோப்பு நகரத் தொடங்கியது. றமணன் எட்டிப் பார்த்தான்.

"வேறை ஆளின்ரை பேரிலை உள்ளுக்குப் போறதிலை அகதியா வந்த எங்களை வெல்ல ஆளில்லை அண்ணை."

பாலேந்திராவும் சிரித்தார். றமணன் போட்டுத் தந்த தேநீரைக் குடித்தபடி, திரையில் பச்சைக்கோடு நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்றுவிட்டதுபோல இருந்தது. விதுசனோடு பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மேனுஷா போன் எடுத்தபடி இருந்தாள் என்பதைப் பிறகுதான் கண்டார். திருப்பி எடுத்தார். அவள் போனைத் தூக்கவில்லை.

தாலி கட்டுகிற துண்டை மட்டும் விதுசன் முதலில் முடித்து அனுப்பினான். அதைக் கொண்டு போனபோது மேனுஷா ஹொஸ்பிஸ் நடையில் நின்றாள். கையில் மருதாணி இன்னும் கறுப்பாக இருந்தது.

"மத்தியானம் வரைக்கும் முழிப்பா இருந்தவர் அங்கிள். வீடியோக்காரர் வந்திட்டாரோ எண்டு கேட்டவர்."

காலையிலிருந்து அந்தத் தாலிகட்டு கமராவோடு பாலேந்திராவின் தோள்பைக்குள் இருந்தது. அதைக் கொண்டுவர எந்தப் போர்ட்டும் திறக்கத் தேவையில்லை.

"போடுங்கோ, பரவாயில்லை," என்றாள்.

மடிக்கணினியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டார். கெட்டிமேளம் கேட்டது. விஜயரத்தினம் கண் திறக்கவில்லை. தாதி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். திரையில் நிறம் நன்றாக வந்திருந்தது. தான் அதைக் கவனித்தது பாலேந்திராவுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் விடிய விஜயரத்தினம் இறந்தார். மேனுஷாவின் மச்சான் போனில் சொன்னார். பாலேந்திரா றமணனின் அலுவலகத்துக்குப் போய் மிச்சக் கோப்புகளை ஏற்றினார். எந்தப் பாட்டுப் போடுவது என்று விதுசன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றார். பின்னேரம் மனோர் பார்க்கில் பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பார்க்க வேண்டியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.