ரிட்டர்னில் போன மெத்தை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வண்டி காலியாகத் திரும்பியிருக்கும். பாம்பனிலிருந்து மதுரைக்குக் கருவாடு ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி எங்களுடையது. ஓட்டுவது என் வீட்டுக்காரர், போனில் லோடு பிடிப்பது நான். போகும்போது கிடைக்கிற வாடகை டீசலுக்கும் டயருக்கும் சரியாகிவிடும். திரும்பும்போது எதையாவது ஏற்றி வந்தால்தான் வீட்டுக்கு மிச்சம். வெங்காயம், தண்ணீர்த் தொட்டி, ஒருதரம் ஆறு ஆடுகள் என்று எதையும் நான் வேண்டாம் என்றதில்லை. ஒன்றும் சிக்காத அன்றைக்கு மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்.

"காத்த ஏத்திக்கிட்டு வந்துருக்கேன்" என்பார். என்னவோ காற்று என் அம்மா வீட்டுச் சரக்கு என்பது போல.

மூன்று வீடு தள்ளி இருக்கும் கருவாட்டுக்கார அக்காதான் எங்களுக்கு முதன்முதலில் லோடு தந்தவள். சொந்தம் கிடையாது, ஆனாலும் சொந்தத்துக்கு மேல். அவளுக்கு ஒரே மகள். திருவாடானைப் பக்கம் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. அவர்களும் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான், ஆனால் நெல் விதைக்கிற ஆட்கள். அக்காவுக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்.

"மீன்காரி மகள்னு எம்பிள்ளைய யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுடி" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே சீரில் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் மதுரையில் வாங்கி, ரிட்டர்ன் லோடாக நேரே மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிடலாம் என்பது என் யோசனை. பாம்பனுக்குக் கொண்டுவந்து மறுபடியும் அங்கே ஓட்டினால் ரெட்டை வாடகை. அக்கா உடனே சரி என்றாள். நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்காவும் நாங்கள் இரண்டு பேருமாக முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து மதுரைக்குப் போனோம். கருவாட்டை இறக்கியதும் வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டோம். சோப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை கழுவச் சொன்னோம். கழுவியவர் மூக்கோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டார். சோப்பு நுரை ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எலுமிச்சம்பழம் தேய்த்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவராக வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தோம்.

"ஒண்ணும் இல்ல" என்றார் வீட்டுக்காரர். "கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கருவாட்டுக்கு நடுவிலேயே காலந்தள்ளுகிற மூன்று மூக்குகளை நம்பி, கட்டில், பீரோவோடு இலவம்பஞ்சு மெத்தையையும் ஏற்றினோம். மேகமூட்டமாக இருந்ததால் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். அது தினமும் கருவாட்டுக்குப் போர்த்துகிற தார்ப்பாய் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் அக்கா எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் போன் இருந்தது.

"சம்பந்தியம்மா பேசுனாக. மெத்தையில ஒரு வாடை அடிக்கிதாம். மூணு நாளா வெயில்ல போட்டும் போகலையாம். கோவமா ஒண்ணும் சொல்லல, தன்மையாத்தான் சொன்னாக."

தன்மையாகச் சொன்னதுதான் அவளை அறுத்தது. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நானுந்தான மோந்து பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். ஒரு ட்ரிப்பை மிச்சம் பிடிக்கப் போய் அந்தப் பிள்ளையின் தலையைக் குனிய வைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

மெத்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புதுசு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவானது. அக்கா வரவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது?" என்றாள். காலி வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே சாவியை எடுத்துவிட்டார்.

அங்கே வீட்டு முற்றத்தில் ஒரு கயிற்றுக்கட்டிலின் மேல் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா தண்ணீர் கொடுத்து, டீ போடச் சொன்னார். தப்பு என்னுடையது, எங்க அக்காவை ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அக்கா மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, மெத்தைய ஏத்த வேணாம்."

"ஏண்டி, வாடை அடிக்கிதுன்னு சொன்னாகளே?"

"அடிக்கத்தான் செய்யிது. அங்கன இருக்கையில எனக்குத் தெரிஞ்சதே இல்ல சித்தி. இங்கன வந்து படுத்தப்பதான் தெரிஞ்சிச்சு. அது அம்மா வாடை." மாமியாரைப் பார்க்காமல் சொன்னாள்: "அதுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"முன்னமே சொல்லக்கூடாதா ஆத்தா? உங்கம்மாவுக்கு போன் பண்ணிருக்கவே மாட்டேனே" என்றார். சேலையைச் செருகிக்கொண்டு கட்டிலருகே போனார். "சரி, அந்தப் பக்கத்தப் புடி. வெயில் போதும், உள்ள போடுவோம்."

இரண்டு பேருமாக மெத்தையை உள்ளே தூக்கிப் போனார்கள். நாங்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்குப் போனதும் காலி, வந்ததும் காலி. காற்றை ஏற்றி வந்த பேச்சே எடுக்காமல் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "மெத்தை எங்கடி? வெளிய தூக்கிப் போட்டுட்டாகளா?"

பிள்ளை சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மாமியார் ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிப் போனதையும் சொன்னேன். அக்கா வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலித் தளத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேடி" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் மோந்து பார்த்தாள்.