பவுனு மோந்து பார்த்த கை

எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்து பெற்று, செத்துப்போன நாத்தனாரின் பிள்ளையையும் சேர்த்து ஆறு வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நிதானமாகப் படியுங்கள்.

பட்டறையைப் பிரித்ததும் குப்பென்று மூக்கில் ஏறுமே சின்ன வெங்காய வாசம், அதிலேதான் நானும் பக்கத்து வீட்டுப் பவுனும் வளர்ந்தோம். விலை ஏறும்வரை வெங்காயத்தைச் சோளத்தட்டை வைத்து அடைத்துக் கொல்லையிலேயே காப்பதற்கு எங்கள் பக்கத்தில் "பட்டறை" என்று பெயர். அதைப் பிரிக்கிற நாளில் விடிவதற்குள் போய், ஒரே குவியலில் எதிரெதிரே உட்கார்ந்து தாளும் வேரும் அரிந்து போட்டுவிட்டு, ஒரே வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுவோம். இருவர் கையும் ஒரே நாற்றம்.

ஆறாம் வகுப்பில், பாடாலூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள் ஒரு மளிகைக்கடைக்காரர் மகள். கைக்குட்டையும் பவுடர் டப்பாவும்தான் அவள் படிப்பு. வகுப்பே அவள் பின்னால் நாய்க்குட்டி மாதிரி போயிற்று. எனக்கு "வெங்காயம்" என்று பேர் வைத்தாள். நான் நடந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். பவுனு அந்தப் பவுடரைக் கையேந்தி வாங்கித் தேய்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதையும் பொறுத்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வரிசையில், ஒவ்வொருத்தி கையையும் மோந்து பார்த்துச் சொல்லும் உத்தியோகத்தை அவள் பவுனுக்குக் கொடுத்தாள். அன்று விடியலில்தான் பவுனு அம்மாவிடம் திட்டு வாங்கக் கூடாதென்று, நான் அரிந்ததில் பாதியை அவள் கூடையில் தள்ளியிருந்தேன். சொல்ல மாட்டாள் என்று நம்பிக் கையை நீட்டினேன்.

"சீ, இவ கையிதான். இவ வூட்டுல குளிக்கவே மாட்டாங்க. தள்ளி ஒக்காருடி."

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவள்தான். என் படிப்பு அதோடு சரி. "நாலு நாளைக்கு மூக்கப் பொத்துவாளுவ, பொறவு மறந்துருவாளுவ" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். நான் போகவில்லை. கடைக்காரர் மகள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. வெங்காயம் சாக்கில் விளைவதாக நினைத்தவள் அவள். பவுனுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் பவுனு என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்தாள். மேலெல்லாம் சென்ட்.

"நம்மள மாரி ஒத்துமையா யாருடி இருந்தா? அதெல்லாம் போச்சு" என்று கண்ணைத் துடைத்தாள்.

கையை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மோந்து பாத்துச் சொல்லு" என்றேன். அவள் மூஞ்சி செத்துப்போயிற்று. கூட்டத்தில் நுழைந்து போனவள் திரும்பவில்லை.

பட்டறை போட்ட கொல்லையில் இப்போது பெட்ரோல் பங்க் நிற்கிறது. என் கையிலும் அந்த வாசம் போய்விட்டது. பவுனு மட்டும் அப்படியே இருக்கிறாள்.

எழிலு, பாட்டிகிட்ட வா சாமி. இதை எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. பவுனு பேர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே, தெருவுக்கே கேட்கட்டும்.