குகைக்குள் வாசுகி

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் புதிதாக வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற் கதவைத் திறந்ததும் ஈரக் கல்லின் மணம் வந்தது. கூடவே வாசுகி மேல் எனக்கிருந்த பழைய எரிச்சலும் வந்தது.

தொண்ணூறுகளில், கோடை ஞாயிறுகளில், அப்பா எங்களை ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு காட்டுக்குக் கூட்டிப்போவார். மேப்பிள் சருகுகளை மிதித்து நெடுநேரம் நடந்தால் கைவிடப்பட்ட கல்குவாரியும், அதன் ஓரத்தில் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து உண்டான குகைகளும் வரும். இப்போது எல்லாவற்றையும் நிரவி வீடு கட்டிவிட்டார்கள். ஒன்பது வயதில் அந்தக் குகைகளுக்கு நான்தான் ராணி. எங்கே தலை குனிய வேண்டும், எங்கே நீர் சொட்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்வேன்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியப்பாவின் மகள் வாசுகி, என் வயதுக்காரி, முதல் நாளே யாரையும் கேளாமல் உள்ளே போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டில் அசையாமல் இருந்தாள்.

"உனக்குப் பயமில்லையே?" என்று அண்ணா கேட்டான்.

"எங்கடை முற்றத்திலை வெட்டின பங்கர் இதைவிடச் சின்னன். பொம்மர் வந்து குண்டு போடேக்கை காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைச்சிருக்கோணும்."

அவ்வளவு பேரும் அவளைச் சுற்றியிருந்து காதைப் பொத்தி வாயைத் திறந்தார்கள். நான் வெளியே நின்று பாறையின் பாசியைச் சுரண்டினேன். சைக்கிளைப் போல, நாய்க்குட்டியைப் போல, அவளுக்கென்று ஒரு பங்கர் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அழுதேன்.

"ஏனம்மா எங்களுக்கு மட்டும் பங்கர் இல்லை?"

தோசை கருகி மணக்கும்வரை அம்மா அதைத் திருப்பிப் போடவில்லை.