கேஸ்தான், டாக்டர்

கொச்சியில் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் மசாலாக் கடை வைத்திருப்பவனுக்கு வாய்தான் மூலதனம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். வெள்ளைக்காரர் வந்தால் ஆங்கிலம், வடக்கத்தியர் வந்தால் இந்தி, அக்கம்பக்கத்தில் மலையாளம். மனைவி தேனிப் பக்கத்துக்காரி. வெளியே எங்கே போனாலும் அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். ரேஷன் கடை, பேங்க், மகளின் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

போன வருடம் மழை ஓய்ந்த சமயம், அவளுக்கு நெஞ்சில் ஏதோ செய்ய ஆரம்பித்தது. அப்போது நாங்கள் ஒரு பழைய இஞ்சிக் கிடங்குக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். செங்குத்தான மரப்படி. மோட்டார் பழுதானால் கீழிருந்து தண்ணீர் தூக்க வேண்டும். குடத்தோடு பாதிப் படி ஏறியதும் உட்கார்ந்துவிடுவாள். சற்று நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல மேலே வருவாள்.

"வேல செஞ்சா வருது, ஒக்காந்தா போயிருதா? நல்ல வலியா இருக்கே. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றேன், மகளும் கேட்கும்படி. மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. குடத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் கழுத்துக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வலித்தாலும் அதற்குப் பெயர் கேஸ். கடையில்தான் சுக்கும் ஓமமும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றனவே. நானே தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்ததும் ஏப்பம் விட்டாள். பார்த்தாயா என்று ஜெயித்தவன் மாதிரி நின்றேன்.

வலி போகவில்லை. அவளாகவே டாக்டரிடம் போகலாம் என்றாள். அன்று வெலிங்டன் தீவில் சுற்றுலாக் கப்பல் வந்திருந்தது. கப்பல்காரர்கள் பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். சீசனில் அப்படி ஒரு நாளை விட எந்தக் கடைக்காரனுக்கும் மனசு வராது. அவசர அவசரமாகப் பக்கத்து கிளினிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். எங்களுக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள்.

"எந்தா புத்திமுட்டு?" என்று டாக்டர் கேட்டார். என்ன தொந்தரவு என்று கேட்டால், இவள் மோட்டார் பழுதான நாளிலிருந்து தொடங்கினாள், சத்தமாக, தமிழில். "மாடி ஏறுனா நெஞ்ச யாரோ கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்குங்க. அப்படியே கீழ்த்தாட வரைக்கும் ஏறுது. கைவேலைய விட்டுட்டு ஒக்காந்தா போயிருது." தமிழ் பிடிபடாத டாக்டர் என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ செருமினார்கள். எனக்குக் காது சுட்டது. இத்தனை பேர் நடுவே என்ன ராமாயணம் என்றுதான் தோன்றியது. அதை அப்படியே மலையாளத்தில் சொன்னால் இசிஜி எடுக்கச் சொல்வார், எர்ணாகுளத்துக்கு அனுப்புவார், கப்பல் போய்விடும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

"கேஸாணு டாக்டரே. " என்றேன். நேரத்துக்குச் சாப்பிடமாட்டாள் என்றும் மலையாளத்திலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பத்தரைக்குக் கடையில் இருந்தேன். அன்று நல்ல வியாபாரம்.

மாத்திரையோடு இரண்டு மாதம் ஓடியது. மகளுக்குத் துணி எடுக்க எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். நெரிசலில் நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால், அவள் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறி, ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. "எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அந்தக் கடையில் வேலை செய்யும் பெண் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். "சேச்சி பறயட்டே" என்றார். அக்கா சொல்லட்டும் என்று அர்த்தம். அவள் தமிழில்தான் சொன்னாள். கயிறு, தாடை, படி, எல்லாவற்றையும். டாக்டருக்குத் தமிழ் புரிந்தது, தலையாட்டிக்கொண்டே எழுதினார். எந்த இடத்திலும் என் பக்கம் திரும்பவில்லை.

ஹார்ட் அட்டாக் என்றார்கள். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் அந்த டாக்டர் திரையில் படத்தைக் காட்டி, என் மனைவியைப் பார்த்தே விளக்கினார். இதயம் உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிறது. அதன் அறைகளுக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும், அந்தத் தடித்த தசை தன் தேவைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் பிரிந்து, இதயத்தின் வெளிப்புறமாகச் சுற்றி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டால், சும்மா இருக்கும்போது வருவது போதும். படி ஏறினால் இதயம் வேகமாக அடிக்கும், அதற்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், அது கிடைக்காது. அப்போதுதான் வலிக்கும். உட்கார்ந்தால் தேவை குறையும், வலியும் போய்விடும்.

வேலை செய்தால் வரும், உட்கார்ந்தால் போகும். மகள் முன்னால் நான் எதைச் சொல்லிச் சிரித்தேனோ, அதையேதான் நோயின் அடையாளம் என்றார். அவள் முதல் நாளிலிருந்து சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். படத்தில் கிளை கிளையாகப் பிரிந்த குழாய்களில் ஒன்று, ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. பிராட்வேயில் அந்த நூல் வழியும் அடைபட்டுப் போயிருக்கிறது. அடைப்பை நீக்கியாயிற்று. ஆனால் அதற்குள் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன தசை திரும்ப வளராது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார். இதற்கு முன்னால் எங்கேயும் காட்டவில்லையா என்று கேட்டார். அவள்தான் "மாத்திரை குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அரித்தது. மறுநாள் மத்தியானம் அவள் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"அன்னைக்கு கிளினிக்குல நீ சொன்னத நான் டாக்டர்கிட்ட சொல்லல. கேஸுன்னு மட்டும்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

"எப்படித் தெரியும்?"

"இருவத்திரெண்டு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். மலையாளம் புரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் நீ பேசாம இருந்த?"

"ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்கள்லாம் பின்னால நின்னாங்க. நீங்க சொன்னதுக்கு நான் மாத்திச் சொன்னா ஒங்களுக்குக் கேவலமாப் போயிருமேன்னு இருந்துட்டேன்."