பட்டிப்பொங்கலன்று ஜிம்மியைப் பிடித்த படம்

பாக்கியரத்தினம் துறைமுகப் பண்டசாலையில் தச்சு வேலை பார்த்தவர். பெட்டி அடிப்பது, உடைந்த கதிரைக்குக் கால் போடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வாய்தான் வராது. மனதில் மலையளவு இருந்தாலும் நாக்குக்கு வருவது கடுகளவுதான். அப்படிப்பட்ட மனிதரிடமிருந்து மனைவியைப் பிரித்துக் கொண்டுபோன யுத்தத்தை எத்தனை முறை திட்டினாலும் தகும்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருஷப்பிறப்பு கிட்டிய நேரம், யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். அன்று விடியவே பாக்கியரத்தினம் வேலைக்குப் போய்விட்டார். ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த வீட்டில் மனைவி இரத்தினேஸ்வரி குசினியில் சமையல் மேசைக்குக் கீழே பதுங்கியிருந்தாள். வீட்டு நாய் ஜிம்மி அவளுடைய சேலையைக் கவ்விக்கொண்டு விடாமல் இழுத்தது. எரிச்சல் தாங்காமல் அதை அடிக்க எழுந்து முற்றம்வரை துரத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் குசினிக் கூரை சரிந்து விழுந்தது.

அன்று பின்னேரமே ஊர்ச் சனத்தோடு சனமாக அவளைக் கிளிவெட்டியில் தமையன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த அமளியில் ஜிம்மி எங்கே ஓடியதென்று தெரியவில்லை. உயிர் தந்தவனை விட்டுவிட்டுப் போகிறேனே என்று அழுதபடிதான் அவள் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினாள்.

சில நாளில் ஜிம்மி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. அதைக் கிளிவெட்டிக்குக் கொண்டுபோக வழியில்லை. லோஞ்சின் இயந்திரச் சத்தம் கேட்டாலே ஊளையிட்டு ஓடி ஒளிந்தது. பாக்கியரத்தினத்துக்கோ லீவு குதிரைக் கொம்பு. ஒரு தீபாவளிக்குப் போனபோது, "ஜிம்மி சுகமாய் இருக்கிறான்" என்றார். இரத்தினேஸ்வரி நம்பவில்லை. கூரை வேய்ந்தாயிற்று என்று அவர் முன்னர் சொன்னது பொய் என்பது அவள் காதுக்கு எட்டியிருந்தது. ஆறுதல் சொல்வதென்றால் மனிதர் கொஞ்சம் தாராளம்.

"அவனைக் கண்ணால காணாமல் எனக்கு நிம்மதியில்லை," என்றாள் அவள்.

அந்தச் சொல்லைப் பாக்கியரத்தினம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜிம்மியைக் காட்டிவிட்டால் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். ஓடிப்போன சனமெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடைச் சோற்றில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கமரா வந்தது. மாற்றலாகிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், சாமான்களைப் பத்திரமாகப் பெட்டி கட்டித் தந்ததற்குச் சந்தோஷமாக, ஒரு பெட்டிக் கமராவை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே பிலிமும் இருந்தது. இடுப்பளவில் பிடித்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, விசையைத் தட்ட வேண்டும். இதற்கும் ஒரு படிப்பா என்று பாக்கியரத்தினம் நினைத்தார். ஜிம்மி அந்த நினைப்பை அன்றைக்கே தீர்த்துவைத்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இவருக்கோ நாய் அமர்ந்தால் கமரா கையில் இல்லை, கமராவை எடுத்தால் நாயைக் காணோம்.

கடைத்தெருவில் போட்டோக்கடை வைத்திருந்த அபூதாஹிர் அந்தப் பிலிமைக் கழுவித் தந்தார். குண்டு விழுந்த பிறகும் கடையைப் பூட்டாத மனிதர் அவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒரு படத்தில் வால் மட்டும். ஒன்றில் இரண்டு தலை. ஒன்றில் பாக்கியரத்தினத்தின் நிழல் நாயை முழுசாக விழுங்கியிருந்தது.

"பாக்கியம், இது நாயா, பலாப்பழமா?" என்று கேட்டுச் சிரித்தார் அபூதாஹிர். "நிண்டுகொண்டு பிடிச்சா முதுகுதான் தெரியும். அவன்ட உயரத்துக்குக் குந்துங்க. இந்தப் பெட்டியால கிட்டத்தில பிடிச்சா மங்கும், ஆறேழு அடி தள்ளி இருங்க. வெயில் உங்கட முதுகில படட்டும், நிழல் மட்டும் அவன்ல விழப்படாது. ஓடுறவனைப் பிடிக்க இதால ஏலாது. இருக்கிற நேரம் பாத்து, மூச்சை அடக்கித் தட்டுங்க."

"அவன் ஒரு இடத்தில இருக்கிறானில்லையே."

"பசிச்ச நாய் இருக்குமா? வயிறு நிறையக் குடுத்திட்டுப் பிடிங்க."

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பிலிமை எடுத்து நீட்டினார். ஊரில் அப்போது பிலிம் எங்கே தேடியும் கிடையாது. கடையில் மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான். "கொண்டுபோங்க. உங்கட வீட்டம்மா வரட்டும்," என்றார். பாக்கியரத்தினத்துக்குக் கண் கலங்கியது. அடுத்த நாள் உளியோடு போய், இழுபட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைக் கதவைச் சீவிச் சரிசெய்து கொடுத்தார். அவர் நன்றி சொல்லும் விதம் அது.

பிலிம் போடாத கமராவோடு தினமும் ஜிம்மிக்கு முன்னால் குந்தியிருந்து பழகினார். முதலில் கமராவை முகர்ந்து நக்கிய நாய், பிறகு அதைச் சட்டைசெய்வதையே விட்டுவிட்டது.

நாற்பத்துநாலாம் ஆண்டு பட்டிப்பொங்கல் வந்தது. உழைத்துத் தந்த மாட்டுக்கு நன்றி சொல்கிற நாள். மாடில்லாத அந்த வீட்டில் நன்றிக்கு உரியவன் ஜிம்மிதான். அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை போட்டு, முற்றத்தில் பொங்கிய பொங்கலை வயிறு முட்டக் கொடுத்தார். துறைமுகம் தெரியப் படம் பிடித்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, கொடியில் இரத்தினேஸ்வரியின் சேலையை விரித்துப் பின்பக்கத்தை மறைத்தார். உண்ட மயக்கத்தில் ஜிம்மி அசையாமல் அமர்ந்திருந்தது. அவர் குந்தி, மூச்சை அடக்கி, தட்டினார்.

"உரோமத்தை எண்ணலாம் போல இருக்கு!" என்றார் அபூதாஹிர். "எதிர் வெயில், கண்ணைத்தான் மூடிட்டான். அடுத்த முறை கொஞ்சம் பக்கவாட்டில இருத்துங்க."

கண்ணாவது மூக்காவது! பாக்கியரத்தினத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூதூர்ப் பக்கம் போகிற கோணாமலையிடம் படத்தைக் கொடுத்தார். "வேற என்ன சொல்ல?" என்று கோணாமலை கேட்டான். "ஒண்டுமில்லை. படத்தைக் குடுத்தால் போதும்," என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரம் வாசலில் ஒப்பாரி கேட்டது. தலை முழுகிய கூந்தலை அள்ளி முடியாமல் இரத்தினேஸ்வரி நின்றாள்.

"என்ர ராசா! கடைசியா உன்ர முகத்தைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லையே! எங்க குழி வெட்டித் தாட்டனீங்கள்?"

"ஆரை?" என்றார் பாக்கியரத்தினம்.

அவள் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கண்ணை மூடி, பொட்டு வைச்சு, மாலை போட்டு, பின்னால என்ர சேலையையும் விரிச்சு அனுப்பிப்போட்டு, ஆரையெண்டோ கேக்கிறீங்கள்? அண்ணா வீட்டில எல்லாரும் தலை முழுகினவை!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாலை போட்ட படம் எந்த வீட்டுச் சுவரில், எதற்காகத் தொங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய நன்றி அவர் கண்ணையே மறைத்துவிட்டது.

விறகுக் குவியலுக்குப் பின்னால் படுத்திருந்த ஜிம்மி அவள் குரலைக் கேட்டு எழுந்து பாய்ந்து வந்தது. இரத்தினேஸ்வரி அப்படியே மண்ணில் அமர்ந்துவிட்டாள். நாய் அவள் முகமெல்லாம் நக்க, அவள் அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். "உன்னாலதானடா நான் இருக்கிறன்," என்று அதைக் கட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டு நின்ற பாக்கியரத்தினம் கோணேசப் பெருமானுக்கும், அபூதாஹிருக்கும், பேர் தெரியாத யார் யாருக்கோ மனதுக்குள் கும்பிடு போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, உள்ளே போய்ப் புழுதி படிந்த அடுப்பைப் பார்த்தாள்.

"ஜிம்மியைக் காட்டினால் நீர் வருவீர் எண்டு நினைச்சனான்," என்றார் அவர் வாசலில் நின்றபடி.

"வந்தனான்தானே, செத்தவீட்டுக்கு." அவள் திரும்பவில்லை. "தீபாவளிக்கு வந்தனீங்கள். போற வாற ஆக்களிட்டயெல்லாம் சுகம் சுகம் எண்டு சொல்லிவிட்டனீங்கள். 'வா' எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களோ? குண்டு விழுந்தாலும் வந்திருப்பன்."

வழக்கம்போல் பாக்கியரத்தினத்தின் கை உளியைத் தேடித் துழாவியது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே வீட்டுக்குள் நின்றவளைப் பார்த்து, "வாரும்," என்றார்.