தெளித்து வைத்த தெரு

தூசி எவ்வளவு கிளம்பும் என்று பார்க்கத்தான் அந்தத் தெருவுக்குப் போனோம். போன அன்று அங்கே துளித் தூசி இல்லை.

நான் விருதுநகரில் திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மல்லாங்கிணறு பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் கிராவல் குவாரி போட ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர அவர் காட்டியிருந்த வழி, பக்கத்து ஊரின் மண் தெரு. அந்தத் தெருவில்தான் பெண்கள் பட்டாசுக்கான காகிதக் குழாய்களைச் சுருட்டி, பசை காய வெயிலில் பரப்பி வைப்பார்கள். ஈரப் பசையில் புழுதி ஒட்டினால் சிவகாசிக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். டிப்பர் லாரி ஓடினால் எங்கள் பிழைப்பு போச்சு என்று தெருவே சேர்ந்து மனு கொடுத்திருந்தது. மனுவில் முதல் கையெழுத்து, அதே தெருவில் குழாய் சுருட்டும் வார்டு உறுப்பினர் அக்காவுடையது.

நானும் என் மேலதிகாரியும் நேரில் பார்க்க வருவதாக முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தோம். வினையே அதுதான்.

ஜீப்பை விட்டு இறங்கினால், தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீர் தெளித்துக் குளுகுளுவென்று கிடந்தது. வாசலுக்கு வாசல் கோலம். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். குழாய்களைக் காணோம். ஆபீசர் வரும்போது தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தால் மரியாதை இல்லை என்று எல்லாவற்றையும் வீட்டுக்குள் அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

"வாங்க சார், வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல கலர் குடிங்க" என்றார் அக்கா.

என் அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறவர். விண்ணப்பத்தில், தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவோம் என்று ஒரு வரி இருந்தது. அவர் தெருவை ஒரு தடவை பார்த்தார், அந்த வரியை ஒரு தடவை பார்த்தார்.

"தெளிச்சா அடங்கத்தானம்மா செய்யுது" என்றார் என்னிடம்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கலர் கசந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதைத் தண்ணீரில் செய்து வைத்திருந்தார்கள். அதுவும் என்ன தண்ணீர்? தெருக் குழாயில் எப்போதோ ஒரு முறை வருவதைக் குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீர்.

"குடிக்கிற தண்ணியையா தெளிச்சீக?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன மேடம், நீங்க தெனமுமா வாரீக?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் விருந்தாளி வருகிறார் என்றால் அம்மா முதலில் எடுப்பது வாளியைத்தான். குடிக்க இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

திரும்பும் வழியெல்லாம் அதிகாரியோடு மல்லுக்கு நின்றேன். மறுபடி ஒரு முறை, யாருக்கும் சொல்லாமல் போவோம் என்றேன். உன்னோடு பெரிய தொந்தரவம்மா என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த வாரம் வந்தார்.

இந்த முறை ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். தெருவின் இரண்டு பக்கமும் சாக்கு விரித்து, அதன்மேல் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் பாதித் தெருவைத் தாண்டியிருக்க மாட்டோம், பட்டாசு ஆலை வேன் ஆட்களை இறக்கிவிட உள்ளே வந்தது. ஆரன் சத்தம் கேட்டதும் பெண்கள் பழைய சேலைகளோடு வாசலுக்கு ஓடி வந்து குழாய்களை மூடினார்கள். வேன் எங்களைக் கடந்ததும் எதிர் வீடு தெரியவில்லை. அதிகாரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

புழுதி அடங்கியபோது, சேலை எட்டாத ஓரத்துக் குழாய்கள் செம்மண் பூசிக் கிடந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கித் தனியே போட்டார். அதிகாரி ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். மண் போகவில்லை.

"ஒரு வேனுக்கே இப்படியா?"

"வேனு காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க வரும் சார். மூடிக்கிருவோம். லாரின்னா நாள் பூரா சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா முடியும்?"

அவர் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "இந்தத் தெரு வழியா லாரி விடக் கூடாதுன்னு எழுதப் போறேம்மா. வேற வழி இல்லேன்னா குவாரியும் வேண்டாம்னுதான் எழுதுவேன்" என்றார்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் கண் முழுக்க அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் அப்பியிருந்த செம்மண்ணின் மேல் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு, முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே என்னைக் கடிந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா மேடம்? தெருவத் தெளிச்சு வச்சிருப்போம்ல."